எண்ணூர் கண்டல் காடு வளர்ந்திருக்கிறதா, ரேடார் ஏமாற்றுகிறதா?

#1 கொசஸ்தலைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். முதுகலை கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்டுக்காக எண்ணூர் கழிமுகத்துக் கண்டல் காட்டில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டேன். காட்டுக்குப்பத்துக் கரையில் நின்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பச்சையாகத் தெரியுமே, அதுதான். மரம் என்ன உயரம், எவ்வளவு நெருக்கம், எக்டேருக்கு எத்தனை டன் என்பதை ரேடார் படத்தை வைத்துச் சொல்ல முடியுமா என்பதுதான் தலைப்பு.

2017 முதல் 2024 வரை ஒவ்வொரு ஜனவரியிலும் ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் எடுத்த ஒரு படம் இறக்கினேன். மொத்தம் எட்டு. என் துண்டுக்குள் விழும் புள்ளிகளின் சராசரியைக் கோடாகப் போட்டால், விவி எதிரொலி சுமார் ஒன்றரை டெசிபெல் ஏறியிருக்கிறது. கணக்குப்படி, திரும்பி வரும் சக்தி 40 சதவீதம் கூடியிருக்கிறது. என் கைடு, "காடு அடர்ந்திருக்கிறது, அப்படியே எழுதிவிடு" என்கிறார். போன மாதம் படகில் போய்ப் பார்த்தேன். 40 சதவீதம் அடர்ந்த காடு மாதிரி எனக்குத் தோன்றவில்லை. எங்கே தப்பு செய்தேன்?

#2 ராயபுரம்ரயில்

முதலில் எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பகுதியில் எல்லோரும் "சார் படம், சார் படம்" என்றே எழுதுகிறீர்கள். யார் அந்த சார்? எனக்குத் தெரிந்த ஒரே சார் எங்கள் கணக்கு வாத்தியார்தான். அவரும் படம் எடுத்ததில்லை.

#3 அலைநீளம்23

ராயபுரம் அண்ணே, செயற்கைத் துளை ரேடார் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. துளை என்றால் ஆன்டெனாவின் வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணிலிருந்து பத்து மீட்டர் அளவுக்கு விவரம் வேண்டுமானால் கிலோமீட்டர் கணக்கில் நீளமான ஆன்டெனா வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு யார் போவது? அதனால் சின்ன ஆன்டெனாவைப் பறக்கவிட்டு, போகிற வழியெல்லாம் வாங்கிய எதிரொலிகளைக் கணக்கில் ஒன்றுசேர்த்து, நீளமான ஆன்டெனா வாங்கியது போல ஆக்கிவிடுகிறார்கள்.

இனி தம்பியின் விஷயம். ரேடார் மரத்தைப் பார்ப்பதில்லை. தன் அலைநீளத்துக்கு நிகரான பொருள்களைத்தான் அது பெரும்பாலும் கண்டுகொள்ளும். ரேடார் அலைகளை நீளவாரியாகப் பட்டைகளாகப் பிரித்து எழுத்தால் குறிப்பார்கள். எக்ஸ் பட்டையின் அலைநீளம் 3 செ.மீ.; மரத்தின் உச்சி இலைகளிலேயே பட்டுத் திரும்பிவிடும். சென்டினல்-1 சி பட்டை, 5.5 செ.மீ.; இலை, குச்சி, சிறு கிளை. எல் பட்டை 24 செ.மீ. சுமார், இலைக்கூட்டத்தைத் தாண்டி உள்ளே போய்ப் பெரிய கிளை, தண்டு வரை தொடும். பி பட்டை 70 செ.மீ.; அடர்காட்டிலும் அடிமரம் வரை இறங்கும். ஆக, சி பட்டையை வைத்துக்கொண்டு "எத்தனை டன்" என்று கேட்பது, சட்டையைப் பார்த்து ஆளின் எடையைச் சொல்வது மாதிரி. எடை இருப்பது தண்டில்.

இன்னொன்று, போலரைசேஷன். அலையை நட்டுக்குத்தலாக அனுப்பி நட்டுக்குத்தலாகவே வாங்கினால் விவி. நட்டுக்குத்தலாக அனுப்பிப் படுக்கையாக வாங்கினால் விஹெச். கிளையும் இலையும் கண்டபடி சாய்ந்திருப்பதால், அலை அவற்றுக்குள் பலமுறை மோதித் திசை புரண்டு வெளியே வரும். அந்தப் புரண்ட பங்குதான் விஹெச். இலைக்கூட்டம் தடித்தால் விஹெச் ஏற வேண்டும். நீங்கள் விவியை மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். விஹெச் என்ன ஆனது? எட்டுப் படமும் ஒரே சுற்றுப்பாதையா? சராசரியை டெசிபெல்லிலேயே போட்டீர்களா?

#4 கொசஸ்தலைக்கரை

ஒரே பாதைதான் அண்ணா, எல்லாம் காலை 6 மணியை ஒட்டி எடுத்தவை. விஹெச் அசையவே இல்லை, 0.3 டெசிபெல்கூட இருக்காது. சராசரி டெசிபெல்லில்தான் போட்டேன். அது தப்பா?

#5 அலைநீளம்23

தப்புதான். டெசிபெல் என்பது மடக்கை. முதலில் சக்திக்கு மாற்றி, சராசரி எடுத்து, பிறகு டெசிபெல்லுக்குத் திருப்புங்கள். அதனால் விடை தலைகீழாகிவிடாது, ஆனால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள். ரேடார் படத்தில் ரவை தூவினது போல ஒரு இரைச்சல் இருக்குமே, அதனால்தான் ஒற்றைப் புள்ளியை நம்பக் கூடாது. உங்கள் துண்டில் எத்தனை புள்ளி விழுகிறது என்பதையும் எண்ணுங்கள்.

பெரிய துப்பு வேறு. விவி ஏறி, விஹெச் சும்மா இருந்தால், இலைக்கூட்டம் தடித்தது என்று சொல்ல முடியாது. கீழே ஏதோ மாறியிருக்கிறது.

#6 தாழங்குப்பம்

படிப்பு விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இடம் தெரியும், சின்ன வயதிலிருந்து இறால் பிடித்த இடம். கீழே என்ன மாறியது என்கிறீர்கள். அங்கே கீழே இருப்பது தண்ணீர்தானே? ஏற்றத்தில் முழங்கால் அளவு நிற்கும், வற்றத்தில் வெறும் சேறு. உங்கள் சாட்டிலைட் எந்த நேரத்தில் எட்டிப்பார்த்தது?

#7 அலைநீளம்23

அண்ணே, ஒரே கேள்வியில் முடிச்சை அவிழ்த்துவிட்டீர்கள்.

தண்ணீர் ரேடாருக்குக் கண்ணாடி மாதிரி. திறந்த தண்ணீரில் பட்ட அலை அந்தப் பக்கமே தெறித்துப் போய்விடும், அதனால்தான் படத்தில் ஆறு கறுப்பு. ஆனால் அந்தக் கண்ணாடியின் மேல் நேராக ஒரு தண்டு நின்றால் கதை வேறு. அலை தண்ணீரில் பட்டுத் தண்டுக்குப் போய், தண்டில் பட்டு வந்த வழியே திரும்பும். இரட்டை மோதல் என்பார்கள். கேரம் போர்டின் மூலையில் அடித்த காய் நம்மிடமே திரும்பி வருவது போல. தண்டின் அடியில் சேறு இருந்தால் இந்தத் திரும்பல் மந்தம். சேறு அலையைக் கண்டபடி சிதறவிடும், வெண்கண்டலின் மூச்சுவேர்கள் பென்சில் நட்டது போல நிற்பதும் அதைக் கலைக்கும். தண்ணீர் ஏறி அவற்றை மூடிவிட்டால் கண்ணாடி கிடைத்துவிடும். வனம் நெருக்கமாக இருந்தால் சி பட்டை அவ்வளவு கீழே போகாது. எண்ணூரில் மரம் குட்டை, இடைவெளியும் நிறைய, அதனால் போய்விடுகிறது.

இப்போது கணக்கு. சென்டினல்-1 அதே பாதைக்கு 12 நாளுக்கு ஒருமுறை, அதே கடிகார நேரத்துக்கு வருகிறது. ஏற்றமோ ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். 12 நாளில் 10 மணி நேரம். இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே 12 மணி 25 நிமிடம் என்பதால், ஒவ்வொரு படத்துக்கும் நீங்கள் ஓதத்தில், அதாவது இந்த ஏற்றவற்றச் சுற்றில், இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நகர்ந்துகொண்டே இருக்கிறீர்கள். ஐந்தாறு படத்தில் ஒரு முழுச் சுற்று, ஏறக்குறைய 64 நாள். ஆண்டுக்கு ஒரு படம் எடுத்தால், எந்த ஆண்டு ஏற்றம், எந்த ஆண்டு வற்றம் என்பது சீட்டுக் குலுக்கல். எட்டே சீட்டு. அது தற்செயலாக ஏறுமுகமாக அமைந்திருக்கலாம்.

#8 தாழங்குப்பம்

இதற்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். காலை 6 மணிக்கு என்ன தண்ணீர் என்பது திதியைப் பார்த்தாலே தெரியும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏற்றம் வரும் நேரம் ஏறக்குறைய மாறாது, அங்கிருந்து நாளை எண்ணிக்கொண்டு போக வேண்டியதுதான். காலண்டர் எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னாலேயே தொங்குகிறது.

ஆனால் ஒன்று. முகத்துவாரத்தை மணல் அடைத்த சமயத்தில் இந்தக் கணக்கு செல்லாது. கடல் ஏறினாலும் உள்ளே ஏறாது. மழைத் தண்ணீர் வந்தால் வடியவும் வடியாது. துறைமுகத்து அட்டவணையை வைத்து உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று சொன்னால் நாங்கள் சிரிப்போம்.

#9 மணலிப்புதுநகர்

நல்ல இழை. நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். சி பட்டை போதாது என்றால் நிசார்? 2025 ஜூலை 30 சாயங்காலம் 5.40-க்கு ஏவியபோது வீட்டில் பிள்ளைகளோடு எண்ணூர் கடற்கரைக்குப் போயிருந்தேன். ஸ்ரீஹரிகோட்டா இங்கிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர்தானே, பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம். நம் வீட்டு வாசலிலிருந்து கிளம்பின செயற்கைக்கோள் நம் ஆற்றைப் பார்க்காதா?

#10 அலைநீளம்23

பார்க்கும். அது நாசாவின் எல் பட்டை, இஸ்ரோவின் எஸ் பட்டை இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறது. எஸ் என்பது சி-க்கும் எல்-க்கும் நடுவில், 10 செ.மீ. அளவு. 12 மீட்டர் விட்டமுள்ள வலைக்கூடை மாதிரியான ஆன்டெனா. எல் பட்டை கிடைப்பது தம்பிக்கு நல்ல செய்தி, தண்டைத் தொடுமே.

ஆனால் மூன்று எச்சரிக்கை உண்டு. அதுவும் 12 நாள் சுற்று, அதுவும் காலை 6, மாலை 6 மணிப் பாதை. தாழங்குப்பத்து அண்ணனின் காலண்டர் அதற்கும் வேண்டும். எல் பட்டை இன்னும் ஆழமாக இறங்குவதால் ஏற்றவற்றம் இன்னும் பலமாகத் தெரியும்.

அடுத்தது நிறைவு. எதிரொலி உயிர்த்திரளோடு, அதாவது மரங்களின் மொத்த எடையோடு, சேர்ந்து ஏறி, ஒரு கட்டத்தில் அப்படியே படுத்துவிடும். எல் பட்டைக்கு அது எக்டேருக்கு 100 டன் வாக்கில். நிசார் திட்டமே 100 டன்னுக்குக் கீழே இருக்கும் காடுகளுக்கு, ஒரு எக்டேர் கட்டத்தில், 20 டன் பிழைக்குள் சொல்வதைத்தான் இலக்காக வைத்திருக்கிறது. அதற்கு மேல் போக பி பட்டை வேண்டும். ஐரோப்பாவின் பயோமாஸ் செயற்கைக்கோள் 2025 ஏப்ரல் 29-இல் போனது அதற்காகத்தான். ஆனால் அதன் உயிர்த்திரள் வரைபடத்தில் ஒரு கட்டம் 200 மீட்டர். எண்ணூர்க் கண்டல் பட்டை சில இடங்களில் அதைவிடக் குறுகல், ஒரே கட்டத்தில் காடும் ஆறும் சாலையும் சேர்ந்து விழும். அமேசானுக்குத் தைத்த சட்டை நமக்குத் தொளதொள.

மூன்றாவது, கண்டல் காட்டுக்கே உரியது. சுரபுன்னை போல முட்டுவேர் பின்னிக்கிடக்கும் காட்டில், மரம் பெருக்கப் பெருக்க எல் பட்டை எதிரொலி குறையவும் செய்யும். வேர்ப் பின்னல் அலையை விழுங்கிவிடுகிறது. பிச்சாவரத்தில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. இங்கே வெண்கண்டல்தான் அதிகம் என்பதால் நாம் தப்பித்தோம்.

#11 வேலிக்காத்தான்

நான் மரம் அளக்கிறவன், படம் பார்க்கிறவன் இல்லை. இவ்வளவு பேசினீர்களே, யாராவது நாடா பிடித்தீர்களா?

எந்த ரேடாரும் டன் அளப்பதில்லை. தரையில் நாம் அளந்த டன்னைத்தான் அது பரப்பிச் சொல்கிறது. தரைக்கணக்கு ஆட்டம் கண்டால் வானக்கணக்கும் ஆட்டம் காணும். கண்டலுக்குப் பலரும் பயன்படுத்தும் பொதுச் சூத்திரம் 2005-இல் வந்தது: தரைக்கு மேலுள்ள எடை கிலோவில் வேண்டுமானால், செ.மீ. கணக்கில் விட்டத்தை 2.46 அடுக்குக்கு உயர்த்தி, மரக்கட்டையின் அடர்த்தியால் (ஒரு கன செ.மீ.க்கு எத்தனை கிராம்) பெருக்கி, 0.251-ஆல் பெருக்கு. அடர்த்தி 0.65 என்று வைத்தால் 10 செ.மீ. விட்டமுள்ள தண்டு 47 கிலோ. 20 செ.மீ. என்றால் 94 இல்லை, சுமார் 259 கிலோ! விட்டம் இரட்டித்தால் எடை ஐந்தரை மடங்கு. நாடாவைச் சாய்வாகச் சுற்றி 5 சதவீதம் கூடுதலாக எழுதினால் எடையில் 12, 13 சதவீதம் பொய்.

அதுவும் எண்ணூர் வெண்கண்டல் ஒரே தண்டாக நிற்கிற மரமா? அடியிலேயே நாலைந்தாகப் பிரிந்து புதர் மாதிரி இருக்கும். ஒவ்வொன்றையும் தனியாக அளக்க வேண்டும், 1.3 மீட்டர் உயரத்தில். வனத்துறைப் பழக்கத்தில் 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி. எதில் அளந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். நான் ஒருமுறை எழுதாமல் விட்டு, ஒரு வாரம் சேற்றில் மறுபடி நடந்தேன்.

என் பெயர்க்காரரையும் மறக்க வேண்டாம். கால்வாய்க் கரை மேட்டில் எல்லாம் வேலிக்காத்தான், அதுதான் சீமைக்கருவேலம், கண்டலோடு தோள் உரசி நிற்கிறது. மேலிருந்து இரண்டும் ஒரே பச்சை. ரேடாருக்கு இரண்டும் ஒரே கிளைக்குழப்பம்.

#12 பழவேற்காட்டுநாரை

மன்னிக்க வேண்டும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சில எக்டேர் காட்டுக்கு இத்தனை செயற்கைக்கோளா? நாலு பேர், மூன்று நாள், ஒரு நாடா. முடிந்தது. ரேடார் பேரில் ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டும் என்பதற்காகக் கேள்வியையே வளைக்கிறோம். பச்சை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளச் சாதாரண ஒளிப்படச் செயற்கைக்கோள் போதும்.

#13 அலைநீளம்23

பாதி ஒத்துக்கொள்கிறேன். இன்றைய எடை மட்டும்தான் வேண்டும் என்றால் நாடாதான் ராஜா.

ஆனால் பச்சை வேறு, கட்டமைப்பு வேறு. இலை மூடிவிட்ட பிறகு பச்சை அளவு நின்றுவிடும். அதன் அடியில் தண்டு பருத்தாலும் வெட்டுப்பட்டாலும் அது சொல்லாது. போன ஆண்டுக்கு, அதற்கு முந்தின ஆண்டுக்கு நாடாவை எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. அப்புறம் மேகம். ஐப்பசி, கார்த்திகையில் நம் வானத்தில் எத்தனை தெளிவான படம் கிடைக்கும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் பரவியபோது ஊரே மேகத்தின் கீழ் இருந்தது. மேகத்தைத் தாண்டிப் பார்த்தது ரேடார் மட்டுமே.

ஒன்று சொல்லிவிடுகிறேன், தண்டில் ஒட்டின எண்ணெய்ப்பூச்சு ரேடாருக்குத் தெரியாது. திறந்த கடலில் எண்ணெய் சிற்றலையை அமுக்குவதால் கறுப்பாகத் தெரியும். காற்று படாத கழிமுகத்தில் தண்ணீரே அமைதி, அதுவே கறுப்பு. கறுப்பில் கறுப்பைத் தேட முடியாது. மரத்துக்குக் கெடுதல் வந்து இலை உதிர்ந்தால், அப்போது விஹெச் இறங்கும். தம்பி, உங்கள் 2024 கோட்டில் அதையும் பாருங்கள்.

#14 ராயபுரம்ரயில்

சரி, இன்னொரு அசட்டுக் கேள்வி. 2016 டிசம்பரில் வர்தா எங்கள் தெருவின் தூங்குமூஞ்சி மரத்தைச் சாய்த்தது. அதை இந்த சார் பார்த்திருப்பாரா?

#15 அலைநீளம்23

மாட்டார். தெருமரம் ஒற்றையாக நிற்கும், இரண்டு பக்கமும் சுவர். சுவரும் சாலையும் சேர்ந்து கொடுக்கும் இரட்டை மோதல் மரத்தின் முனகலை அமுக்கிவிடும்.

நல்ல வேளை ஞாபகப்படுத்தினீர்கள். தம்பி, உங்கள் துண்டுக்குள்ளோ அருகிலோ மின்கோபுரம் நிற்கிறதா? இரும்புக் கோபுரம் ரேடாரில் விளக்கு மாதிரி எரியும். துறைமுகத்துக் கிரேன்கள் சிலுவை வடிவில் பளிச்சிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புள்ளிகளை வெட்டிவிடுங்கள்.

#16 மணலிப்புதுநகர்

உயரத்தை நேரடியாக அளக்க வழியே இல்லையா? டன், டன் என்றே போகிறது.

#17 அலைநீளம்23

உண்டு. கொஞ்சம் தள்ளித் தள்ளி இரண்டு ஆன்டெனாவில் வாங்கினால், எதிரொலி அலை இரண்டிலும் எவ்வளவு முன்பின்னாக வந்து சேர்கிறது என்பதிலிருந்து உயரம் கிடைக்கும். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 60 மீட்டர் கம்பத்தை நீட்டிக்கொண்டு 11 நாள் பறந்து உலகத்தின் மேடுபள்ளத்தை அளந்தது. அந்த அலை காட்டில் தரை வரை போகவில்லை, இலைக்கூட்டத்துக்குள்ளேயே நின்றது. மலைக்காட்டில் இது தொல்லை. தரை எங்கே என்று தெரியாது. கண்டலுக்கோ வரம். தரை கடல்மட்டம்தானே! அளந்த உயரம் கிட்டத்தட்ட மரத்தின் உயரமே. அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் கண்டலை இப்படித்தான் அளந்தார்கள்.

எண்ணூருக்கு? அந்த அளவையில் பிழையே சில மீட்டர், நம் மரமும் சில மீட்டர். வேண்டாம். ஒரே செயற்கைக்கோளின் 12 நாள் இடைவெளிப் படங்களையும் ஜோடி சேர்க்க முடியாது. கடற்காற்றில் ஆடின இலை பழைய இடத்தில் இருக்காது. 2010-இலிருந்து ஜெர்மனியின் இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஒன்றையொன்று ஒட்டிப் பறப்பது அதனால்தான்.

#18 கொசஸ்தலைக்கரை

பதினைந்து நாள் கழித்து வருகிறேன், தூக்கமில்லை.

எட்டுப் படத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, எட்டு ஆண்டில் அந்தப் பாதையில் கிடைத்த எல்லாவற்றையும் எடுத்தேன். சராசரியைச் சக்தியில் போட்டேன். இரண்டு மின்கோபுரம் இருந்தது, வெட்டினேன். இந்திய சர்வே துறையின் ஓத அட்டவணையைப் பக்கத்தில் வைத்து ஏற்றப் படம், வற்றப் படம் என்று பிரித்தேன். முகத்துவாரம் அடைபட்டிருந்த மாதங்களைத் தாழங்குப்பத்து அண்ணன் தொலைபேசியில் சொன்னார், அவற்றை ஒதுக்கினேன். முந்தின நாள் மழை பெய்த தேதிகளையும் நீக்கினேன், ஈர இலை எதிரொலியைக் கூட்டும் என்பதால்.

என் பழைய எட்டில் முதல் மூன்றும் வற்றம், கடைசி மூன்றும் ஏற்றம். அவ்வளவுதான் விஷயம். வற்றப் படங்களை மட்டும் போட்டால் விவி கோடு படுத்துக்கிடக்கிறது. கைடிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "தலைப்பை மாற்றிக்கொள்ளலாம்" என்றார்.

ஆனால் வடக்கு மூலையில் மட்டும் விஹெச் மெதுவாக ஏறுகிறது, ஏற்றத்திலும் வற்றத்திலும். அது நிஜம் என்று நினைக்கிறேன். அங்கே காடு தடித்திருக்கிறது.

#19 வேலிக்காத்தான்

வடக்கு மூலையா? அங்கே ஒரு பழைய கரைமேடு ஓடுகிறதே. தடித்தது கண்டலா, என் சொந்தக்காரரா?

#20 கொசஸ்தலைக்கரை

அண்ணா, இப்படிக் கேட்பீர்கள் என்று பயந்துகொண்டேதான் எழுதினேன். படத்தில் தெரியவில்லை.

#21 தாழங்குப்பம்

ஞாயிறு விடியற்காலை வாருங்கள், அன்றைக்கு 6 மணிக்கு வற்றம்தான். படகு இருக்கிறது, மரம் அளக்கிற அண்ணனையும் கூட்டி வாருங்கள், நாடா இரண்டு கொண்டு வாருங்கள். ஒன்று எப்படியும் சேற்றில் போகும். செருப்பு வேண்டாம், சேறு பிடுங்கிக்கொள்ளும். கயிறு கட்டின பழைய ஷூ போடுங்கள், அடியில் சிப்பி இருக்கிறது, காலை அறுத்துவிடும்.

#22 ராயபுரம்ரயில்

நானும் வரலாமா? அளக்கத் தெரியாது, எழுதிக்கொள்கிறேன்.